எத்தனை கிலோ தூக்கினால் பலசாலி? கேள்வி பதில்

பதினான்கு வருடம் பவர்லிஃப்டிங் போட்டிகளில் தூக்கினேன், இப்போது நடுவராக உட்காருகிறேன். மருத்துவர் கிடையாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: அக்கா, மூன்று லிஃப்டையும் கூட்டி வரும் டோட்டலை வைத்தே ஒருவர் பலசாலியா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்கிறார் எங்கள் கோச். சரிதானா?

பதில்: பாதி சரி. ஸ்குவாட் (எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பாரைத் தூக்கி நிமிர்வது) ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு, அதில் சிறந்ததை எடுத்துக் கூட்டினால் டோட்டல். மூன்று நடுவர்களில் இரண்டு பேராவது வெள்ளை விளக்கு போட்டால்தான் கணக்கில் வரும். ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்பு முழங்காலின் உச்சிக்குக் கீழே இறங்கவில்லையா, சிவப்பு விளக்குதான், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும். இந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். ஜிம்மில் 200 கிலோ ஸ்குவாட் என்று பேசுகிற பலருடைய 200 பாதி வழியிலேயே திரும்பி வந்துவிடும்.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று பாருங்கள். இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு, நேரான பாரை, ஒரே ஒரு தடவை, எவ்வளவு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை என்று தூக்குவதை. தலைக்கு மேல் தூக்குவது இதில் இல்லை, சுமந்துகொண்டு நடப்பது இல்லை, தொங்கி மேலே ஏறுவது இல்லை. போதாததற்கு இது ஒரு வித்தையும்கூட. முதல் சில மாதங்களில் எடை கிடுகிடுவென்று ஏறுமே, அதில் பெரும்பங்கு தசை வளர்ந்ததால் அல்ல, நரம்பு மண்டலம் அந்த அசைவைக் கற்றுக்கொண்டதால். சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரை முதல் நாளே பாருக்கு அடியில் நிற்க வைத்தால் இரண்டு வருடம் பழகிய கல்லூரி மாணவன் அவரைச் சுலபமாக ஜெயித்துவிடலாம். அதே இருவரிடமும் ஆளுக்கு ஐம்பது மூட்டை கொடுத்து மாடிக்கு ஏற்றச் சொன்னால் கதை வேறு. இதில் யார் பலசாலி என்று என்னைக் கேட்டால் இருவரும்தான், வேறு வேறு வேலைக்கு.

கேள்வி: பெயரிலேயே பவர் இருக்கிறதே?

பதில்: தப்பான பெயர். இயற்பியலில் பவர் என்றால் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறோம் என்பது. உச்ச எடை டெட்லிஃப்ட் பாதியில் நின்று நின்று மேலே வரும். வேகம் பார்க்க வேண்டுமானால் ஒலிம்பிக் பளுதூக்குதலில் ஸ்னாட்ச் பாருங்கள், கண் இமைப்பதற்குள் பார் தலைக்கு மேல் போய்விடும்.

கேள்வி: என் எடை 58 கிலோ, நண்பன் எடை 95. அவன் என்னைவிட 40 கிலோ கூடுதலாக டெட்லிஃப்ட் பண்ணுகிறான். எடைக்கு எடை பார்த்தால் நான்தானே பலசாலி?

பதில்: தம்பி, எடையால் வகுத்தால் எப்போதும் சின்ன உடம்புக்குத்தான் சாதகம். உடம்பு பெரிதாகும்போது எடை ஏறுகிற வேகத்தில் தசையின் குறுக்குப் பரப்பு ஏறாது, பலம் வருவது அந்தப் பரப்பிலிருந்து. அதனால்தான் போட்டியில் நேராக வகுக்காமல் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். முன்பு வில்க்ஸ் புள்ளி, 2020 முதல் சர்வதேசப் பவர்லிஃப்டிங் கூட்டமைப்பில் ஜிஎல் புள்ளி. உங்கள் இருவர் கணக்கையும் அதில் போட்டுப் பார்.

உடல் அமைப்பும் சேர்ந்துகொள்ளும். கை நீளமானவர்களுக்கு டெட்லிஃப்ட் வரம், பெஞ்ச் சாபம். 1985இல் அமெரிக்கப் பவர்லிஃப்டர் லமார் கான்ட் தன் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு டெட்லிஃப்ட் செய்தார், அவருக்கு முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது என்பது தெரியுமா? பெஞ்சில் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு பாரை நாலு விரல்கடை மட்டும் நகர்த்துகிறவர்களும் உண்டு. அதற்காகவே 2023இல் முழங்கையின் அடிப்பகுதி தோள்மூட்டின் உச்சி மட்டத்துக்காவது இறங்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். விதி மாறினால் 'பல'மும் மாறிவிடுகிறது, பார்த்தாயா!

கேள்வி: பலமானவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று ஆய்வே இருக்கிறதாமே. அப்படியானால் டோட்டல் ஏற ஏற ஆயுளும் ஏறுமா?

பதில்: நீங்கள் சொல்வது அநேகமாக 2015இல் வந்த ப்யூர் ஆய்வு. 17 நாடுகள், சுமார் 1,40,000 பேர், கைப்பிடி வலிமையை அளந்தார்கள். பிடி 5 கிலோ குறையக் குறைய மரண அபாயம் 16 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. நல்ல ஆய்வுதான், ஆனால் அதை எடுத்துக்கொண்டு டெட்லிஃப்டை 200இலிருந்து 250க்கு ஏற்றினால் ஆயுள் கூடும் என்று பேசுவது அபத்தம். அங்கே பிடி ஒரு அடையாளம். பலவீனமாக இருப்பவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று காட்டிக்கொடுக்கிறது. உச்சியில் இருப்பவர் இன்னும் உச்சிக்குப் போவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

என் கதையையே சொல்கிறேன். என் வாழ்க்கையின் சிறந்த டோட்டல் வந்த வருடம் எடைப் பிரிவு மாறுவதற்காக வேண்டுமென்றே 11 கிலோ ஏற்றியிருந்தேன். கார்டியோ செய்தால் பலம் போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்பி நடைப்பயிற்சியைக்கூட நிறுத்திவிட்டேன். பதக்கம் வந்தது. கூடவே குறட்டை வந்தது, பிபி வந்தது, மூன்று மாடி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அந்த வருடம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் 'என்ன ஆரோக்கியம்!' என்றார்கள்.

ஆகவே என் கருத்து: ஒன்றுமே தூக்காதவர் சுமாராகத் தூக்குபவராக மாறும் தூரத்தில்தான் ஆரோக்கியம் கொட்டிக்கிடக்கிறது. அதற்கு மேல் போவது விளையாட்டு. விளையாட்டு தப்பில்லை, நானே பாதி ஆயுளை அதில் போட்டவள், ஆனால் அதற்கு மருந்து என்று பெயர் வைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனமும் வாரம் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி என்பதோடு நிறுத்தவில்லை, 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான உழைப்பும் வேண்டும் என்கிறது.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது, எலும்பு அடர்த்தி குறைவு. கனமாக எதையும் தூக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள்?

பதில்: 'எல்லோரும்' என்பதில் அவருடைய மருத்துவர் இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள், எலும்பு முறிவு ஏற்கெனவே இருக்கிறதா என்பது முக்கியம். ஆனால் லிஃப்ட்மோர் என்று ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள். வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம். டெட்லிஃப்ட், ஸ்குவாட், தலைக்கு மேல் பிரஸ், அதுவும் படிப்படியாக ஏற்றி அவரவர் உச்சத்தில் 85 சதவீதத்துக்கு மேல்! கீழ் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. வீட்டில் லேசான பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கூடவில்லை. ஒரே நிபந்தனை, அங்கே எல்லாப் பயிற்சியும் பயிற்சியாளரின் நேரடி மேற்பார்வையில் நடந்தது. வீடியோ பார்த்துத் தனியாகத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: மூச்சை அடக்கித் தூக்கினால் பிபி ஏறாதா?

பதில்: ஏறும், பயமாக ஏறும். 1985இல் லெக் பிரஸ் (காலால் எடையைத் தள்ளும் பயிற்சி) செய்த பாடிபில்டர்களின் தமனிக்குள்ளேயே குழாய் விட்டு அளந்தார்கள், சராசரி 320/250. செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) முடிந்த சில நொடிகளில் இறங்கிவிட்டது. இரத்தக் குழாய் நன்றாக இருப்பவருக்கு இது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பிபி கட்டுக்குள் இல்லாதவர்கள், விழித்திரைக் கோளாறோ இரத்தக்குழாய் வீக்கமோ உள்ளவர்கள் உச்ச எடைப் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: முதுகு போய்விடுமா?

பதில்: ஆய்வுகளில் 1,000 மணி நேரப் பயிற்சிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் நான்கு காயம். கால்பந்து இதைவிட மோசம். ஆனால் தோளோ இடுப்போ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், அதைக் காயக் கணக்கில் நாங்கள் எழுதுவதில்லை.

கேள்வி: போட்டி ஆசையெல்லாம் இல்லை. என் பலத்தை எப்படித்தான் அளப்பது?

பதில்: உச்ச எடை தேவையே இல்லை. ஒழுங்காக ஐந்து ரெப் (ஒரு தடவை தூக்கி இறக்கினால் ஒரு ரெப்) வருகிற எடையைக் குறித்துவைத்து ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். உச்சம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ரெப் எண்ணிக்கையை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்குங்கள். 60 கிலோவை ஐந்து தடவை என்றால் சுமார் 70. இதோடு, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை தடவை எழுகிறீர்கள், மாடி ஏறி முடித்ததும் பேச முடிகிறதா, இந்த இரண்டையும் எழுதிவையுங்கள். என் மோசமான வருடத்தில் முதலாவதில் தேறியிருப்பேன், இரண்டாவதில் நிச்சயம் இல்லை.

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. இதெல்லாம் படித்த பிறகும் ஒரு தடவை மேடை ஏறிப் பார்க்க ஆசையாகவே இருக்கிறது.

பதில்: ஏறு! முதல் வாய்ப்புக்கு, ஜிம்மில் மூன்று ரெப் வருகிற எடையைச் சொல். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் எடையால் அல்ல, அவசரத்தால். ஸ்குவாட் முடித்து நிமிர்ந்ததும் ஆடாமல் நில், நடுவர் 'ரேக்' (பாரைத் தாங்கியில் திரும்ப வை) என்று சொல்லும்வரை பாரோடு ஒரு அடி நகராதே.