இளவரசன் பிறந்த நாள்

அன்புள்ள ஐயா,

எங்கள் அலுவலகத்தில் மாதம் ஒருவர், 'அடித்தட்டிலிருந்து சிகரத்துக்கு' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். இம்முறை நான் கெய்ர் ஹார்டியைப் பற்றிப் பேசப் போகிறேன். ஸ்காட்லாந்தில் சுரங்க வேலை செய்த சிறுவன் பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் முதல் தலைவரானது உத்வேகம் தரும் கதை அல்லவா? இரண்டு சந்தேகங்கள். அவர் பாராளுமன்றத்துக்குத் தொழிலாளித் தொப்பியுடன் போனது வெறும் விளம்பரமா? எட்டாம் எட்வர்ட் பிறந்தபோதே அவர் முடிதுறப்பதை ஹார்டி கணித்துச் சொன்னார் என்கிறார்களே, உண்மையா?

செ.

அன்புள்ள செ.,

மேடைப்பேச்சுக்குக் குறிப்பு கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் ஒதுக்கியிருப்பேன். ஆனால் சில நாட்களாக 1894 ஜூன் மாதத்தையே சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்; உங்கள் இரண்டாவது கேள்வி நேரே அங்கே வந்து நிற்கிறது.

அதற்கு முன் அந்தத் தலைப்பு. சிகரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? 1888இல் மிட் லானார்க் இடைத்தேர்தலில் அவர் வாங்கியது 617 வாக்குகள். 1892இல் வெஸ்ட் ஹாம் சவுத் தொகுதியில் வென்றார். 1895இல் அதே இடத்தில் தோற்றார். 1906இல் கட்சிக்காரர்கள் 29 பேர் ஜெயித்து வந்து அவரைத் தலைவராக்கினார்கள். இரண்டே ஆண்டில் இறங்கிவிட்டார். 1914 ஆகஸ்டில் போரை எதிர்த்துப் பேசத் தன் தொகுதியிலேயே அபெர்டேருக்குப் போனார். கூச்சல் போட்டுக் கூட்டத்தைக் கலைத்தார்கள். அடுத்த ஆண்டு இறந்துபோனார். இதற்கு ஏணிப்படம் வரைய உங்கள் அலுவலகத்தால் மட்டும்தான் முடியும்.

ஹார்டி 1856இல் லானார்க்ஷயரில் வீட்டு வேலை செய்த ஒரு பெண்ணின் மகனாகப் பிறந்தார். சிறுவனாக கிளாஸ்கோவில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்த நாட்களைப் பற்றி அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வளர்ப்புத் தந்தைக்கு வேலையில்லை. தாய் நிறைமாதம். தம்பி சாகக் கிடந்தான். வீட்டில் சம்பாதித்தவன் இவன் ஒருவன்தான். தம்பியைப் பார்த்துக்கொண்டதில் காலையில் வேலைக்குப் போகத் தாமதமாயிற்று. முதலாளி மாடிக்கு வரச் சொன்னார். மழையில் நனைந்த பையன் போய் நின்றபோது, குடும்பத்தோடு காலை உணவு மேசையில் உட்கார்ந்திருந்தார். வேலை போயிற்று, அந்த வாரக் கூலியும் போயிற்று.

என் அப்பா ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தார். பாட்டி இறந்து காரியம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியபோது, வராத நாட்களுக்குக் கூலியைப் பிடித்துவிட்டார்கள். முறையிட முதலாளி வீட்டுக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. நாங்கள் வாசலில் நின்றோம். உள்ளே காபி ஆற்றும் சத்தம் கேட்டது. அப்பா தன் தாய் செத்த கதையை நெல் விலை சொல்வதுபோல ஒரே சுருதியில் சொன்னார். பணம் கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியில் எனக்குக் கடலை வாங்கிக் கொடுத்தார். இதை உத்வேகக் கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கை நீளும், மன்னியுங்கள்.

பத்து வயதை ஒட்டி ஹார்டி சுரங்கத்தில் இறங்கினார். வேலை, காற்று ஓட்டத்துக்கான கதவைத் திறந்து மூடுவது. நிலக்கரி வண்டி வந்தால் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். நாள் முழுவதும் இருட்டில் தனியாக. கதவு சரியாக மூடாவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் புத்தகம் படித்து அவர் தெரிந்துகொள்ளவில்லை.

இப்போது 1894 ஜூன் 23. தெற்கு வேல்ஸில் கில்வனித் என்ற ஊரின் ஆல்பியன் சுரங்கம் வெடித்தது. ஆண்களும் சிறுவர்களுமாக 290 பேர் செத்தார்கள். அதே நாள் இரவு பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது, நீங்கள் கேட்ட எட்டாம் எட்வர்ட். மறுநாள் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோ குத்திக் கொல்லப்பட்டார். கார்னோவுக்கு அனுதாபம் தெரிவிக்க பிரிட்டிஷ் பாராளுமன்ற அவைக்கு நேரம் இருந்தது. குழந்தைக்காக அரசிக்கு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவரவும் நேரம் இருந்தது. சுரங்கத்தில் செத்தவர்களின் குடும்பங்களுக்கும் ஓர் அனுதாபத் தீர்மானம் வேண்டும் என்று ஹார்டி கேட்டார். நடக்கவில்லை. ஜூன் 28 அன்று வாழ்த்துத் தீர்மானத்தின்மேல் எழுந்து பேசினார். அவை ஊளையிட்டது.

அந்தப் பேச்சில்தான் உங்கள் 'கணிப்பு' வருகிறது. இந்தப் பிள்ளையைச் சிறுவயது முதல் துதிபாடிகள் சூழ்ந்துகொள்வார்கள், உலகம் சுற்ற அனுப்புவார்கள், பொருந்தாத திருமணம் பற்றி வதந்தி வரும், கடைசியில் செலவை நாடு கட்டும் என்றார். முடிதுறப்பு என்ற சொல்லே அதில் இல்லை. 1936இல் அந்தப் பிள்ளை ஒரு பெண்ணுக்காக அரியணையை விட்டதும் ஹார்டி சோதிடராகிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுப்பவர்கள் எல்லோரும் இந்தப் பத்தியைத்தான் எடுக்கிறார்கள்.

செ., எனக்கு ஆறாத கோபம் இதில்தான். 290 பேருக்காக ஒருவர் தனியாக எழுந்து நின்று திட்டு வாங்குகிறார். நாம் அதிலிருந்து ராஜாவின் கல்யாணத்தைப் பொறுக்கிக்கொள்கிறோம். அன்று அவை செய்ததும் அதுதானே? பிணங்களைத் தள்ளிவைத்துவிட்டுத் தொட்டிலைப் பார்த்தது. நீங்களும் கடிதத்தில் அதையே செய்திருக்கிறீர்கள். ஆல்பியன் என்ற பெயரே அதில் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் பல வருடம் அந்தப் பத்தியைத்தான் நண்பர்களிடம் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினேன்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1900இல், அவரை மறுபடி அவைக்கு அனுப்பியது அதே தெற்கு வேல்ஸ் நிலக்கரிப் பகுதியின் மெர்தர் டிட்வில் தொகுதி. காரணங்கள் பல. அன்றைய பேச்சையும் ஒரு காரணமாக நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

தொப்பியைக் கேட்டிருந்தீர்கள். அது தொழிலாளித் தொப்பி இல்லை, முன்னும் பின்னும் விளிம்பு வைத்த வேட்டைத் தொப்பி என்கிறார்கள். பட்டுத் தொப்பிகள் நிறைந்த அவைக்கு முரட்டுக் கம்பளியான ட்வீட் உடையில் அதைப் போட்டுக்கொண்டு போனார். விளம்பரமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

பேச்சு எப்படிப் போயிற்று என்று எழுதுங்கள். தலைப்பை மாற்றச் சொல்லிப் பாருங்கள். மாற்றமாட்டார்கள்.