அரசாங்கத்துகிட்டயே புள்ளிவிவரத் துறை இருக்கும்போது தனியா ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனம் எதுக்கு?

அரசுக்கு ஆலோசனை சொல்றதுக்குன்னு பொதுவா சொல்லுவாங்க. எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்லைங்க, டெல்லில ஆலோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம். அரசாங்கம் ஒரு நம்பரை வெளிய விடாம உக்காந்திருக்கற நேரத்துல வேற ஒருத்தர் அதே மாதிரி ஒரு நம்பரை எடுத்து எல்லார் முன்னாடியும் வைக்கறாரு பாருங்க, அதுதான் உருப்படியான வேலை. சிஎம்ஐஇ-யை (சென்டர் ஃபார் மானிட்டரிங் இந்தியன் எகானமி, பொருளாதார டேட்டா திரட்டற தனியார் நிறுவனம்) வச்சே சொல்றேன்.

நான் பேங்க்ல கிரெடிட் செக்‌ஷன்ல இருந்த ஆளு. கம்பெனி லோன் ஃபைல் டேபிளுக்கு வந்தா முதல்ல தட்டிப் பாக்கறது இவங்களோட ப்ரோவஸ் டேட்டாபேஸைத்தான். சிஎம்ஐஇ 1976ல நரோத்தம் ஷா பம்பாய்ல ஆரம்பிச்சது, கம்பெனி கணக்கு, புது ப்ராஜெக்ட் முதலீடு இதையெல்லாம் திரட்டி சந்தாவுக்கு விக்கறதுதான் பொழப்பு. 2014லேர்ந்து வீடு வீடா சர்வேயும் எடுக்கறாங்க, ஒரு லட்சத்துக்கு மேல வீடு, ஒரே வீட்டுக்கு நாலு மாசத்துக்கு ஒருதரம் திரும்பப் போவாங்க. வேலையில்லாதவங்க எத்தனை சதவீதம்னு மாசாமாசம் வர்ற நம்பர் அதுலேர்ந்துதான்.

இதோட அருமை 2019ல தெரிஞ்சுது. அரசோட புது வேலைவாய்ப்பு சர்வே ரிப்போர்ட் ரெடியாகியும் வெளிய வரலன்னு தேசிய புள்ளிவிவர ஆணையத்துலேர்ந்து அதோட உறுப்பினர்கள் பி.சி.மோகனன், ஜே.வி.மீனாட்சி ரெண்டு பேரும் ஜனவரில ராஜினாமா பண்ணாங்க, சில நாள்லயே பிசினஸ் ஸ்டாண்டர்ட் பேப்பர்ல வேலையில்லாதவங்க 6.1 சதவீதம்னு அந்த நம்பர் கசிஞ்சுது, அதிகாரபூர்வமா வந்தது மே கடைசில, எலெக்‌ஷன் ரிசல்ட்டெல்லாம் முடிஞ்சப்புறம். இடையில அந்த மாசங்கள்ல விவாதம் நடந்துச்சுன்னா சிஎம்ஐஇ நம்பரை வச்சுத்தான். 2020 ஏப்ரல் லாக்டவுன்லயும் அதே கதை. 23 சதவீதத்துக்கு மேல போயிடுச்சுன்னு இவங்க அந்த மாசமே சொல்லிட்டாங்க, அரசு சர்வேல நகரங்களுக்கு 20க்கு மேலன்னு வந்தது கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு. நிவாரணம் குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ண வேண்டிய நேரத்துல ஒரு வருஷம் பழைய கணக்கை வச்சு என்ன பண்றது?

அதுக்காக இவங்க சொல்றதெல்லாம் வேதவாக்குன்னு சொல்ல வரல. ரெண்டு நம்பரும் ஏன் ஒத்துப்போறதில்லன்னு நிறைய பேர் கேப்பாங்க. அரசு சர்வேல வாராந்திரக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, கடந்த 7 நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தாலே வேலைல இருக்கறவங்கதான். சம்பளமே வாங்காம வீட்டுக் கடையில உக்காந்து வியாபாரம் பாக்கற அம்மாவும் அதுல வேலை பாக்கறவங்க கணக்குல வந்துருவாங்க. சிஎம்ஐஇ அவ்வளவு தாராளமா எடுக்கறதில்ல. அதனாலதான் பெண்கள் பங்கேற்பு, அதாவது வேலை பாக்கற இல்ல வேலை தேடற பெண்கள் எத்தனை சதவீதம்ங்கறது, 2022-23ல அரசோட வருஷக் கணக்குல 37 சதவீதம், இவங்க கணக்குல பத்தை ஒட்டி நிக்குது. எது சரின்னு என்னைக் கேட்டா, என்ன கேள்வி கேட்டாங்கன்னு முதல்ல பாருங்கன்னுதான் சொல்லுவேன்.

சிஎம்ஐஇ சர்வேல இன்னொரு பெரிய குறை 2021ல பொருளாதார ஆய்வாளர்கள் ஜான் ட்ரேஸும் அன்மோல் சோமஞ்சியும் எழுதினது. சர்வே எடுக்கற பையன் ஊர்ல மெயின் ரோட்டுல ஆரம்பிச்சு இத்தனை வீட்டுக்கு ஒரு வீடுன்னு போறான், அங்கயே எண்ணிக்கை நிரம்பிட்டா உள் சந்துக்குப் போகவே வேணாம், ஏழைங்க இருக்கறதே அந்தச் சந்துலதானே. அவங்க டேட்டால பெரியவங்க கிட்டத்தட்ட எல்லாருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்னு வர்றதைக் காட்டி, இது எந்த ஊர் இந்தியான்னு கேக்கற மாதிரி கேட்டாங்க. சிஎம்ஐஇ தலைவர் மகேஷ் வியாஸ் பதில் எழுதினாரு, நடைமுறைச் சிக்கல் இருக்கு ஆனா வேணும்னு ஒரு பக்கம் சாயலன்னு. எனக்கு அந்தப் பதில் முழுசா திருப்தியில்ல, ஆனா இப்படி நேருக்கு நேரா பேப்பர்ல அடிச்சுக்கறது ஆரோக்கியமான விஷயம்தான்.

வேடிக்கை என்னன்னா 2017-18 குடும்பச் செலவு சர்வேயை தரம் சரியில்லன்னு அரசே குப்பையில போட்டுருச்சு, அடுத்தது வர்ற வரைக்கும் வறுமையை அளக்க வழியில்ல, அதனால 2022ல உலக வங்கி ஆய்வாளர்கள் இதே சிஎம்ஐஇ டேட்டாவைத்தான் எடுத்து, ஏழைங்க குறைவா வர்ற அந்தச் சாய்வை சரிபண்ண வெயிட்டேஜ் மாத்திப் போட்டு கணக்கு பண்ணாங்க. குறையோட இருந்தாலும் கையில இருந்தது அது ஒண்ணுதான்.

சுதந்திரம்ங்கறது கடைசில யார் காசு குடுக்கறாங்கங்கறதுல வந்து நிக்குது. நம்ம அடையார் எம்ஐடிஎஸ் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெவலப்மென்ட் ஸ்டடீஸ்), மால்கம் ஆதிசேஷையா 1971ல சொந்தக் காசு போட்டு ஆரம்பிச்சது, பிறகு மத்திய அரசோட சமூக அறிவியல் ஆராய்ச்சி கவுன்சிலான ஐசிஎஸ்எஸ்ஆர் நிதில ஓட ஆரம்பிச்சுது. டெல்லி சென்டர் ஃபார் பாலிசி ரிசர்ச் வெளிநாட்டு நிதியை ரொம்ப நம்பியிருந்துச்சு, வெளிநாட்டுப் பணம் வாங்கறதுக்கான எஃப்சிஆர்ஏ லைசென்ஸை அரசு 2023ல நிறுத்தி 2024ல ரத்தே பண்ணிட்டாங்க, நிறைய ஆட்கள் வெளிய போக வேண்டியதாச்சு. சிஎம்ஐஇ தப்பிச்சது பேங்க்கும் மியூச்சுவல் ஃபண்டும் பேப்பர்காரங்களும் சந்தா கட்டறதாலதான். 2025லேர்ந்து அரசும் மாசாமாசம் வேலைவாய்ப்பு நம்பர் விடுது, போட்டி இல்லன்னா வந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

ஆனா சந்தா மாடல்ல ஒரு முரண் இருக்கு. அரசு சர்வேயோட மூல டேட்டாவை எந்த காலேஜ் பையனும் ஃப்ரீயா டவுன்லோடு பண்ணிக்கலாம், சிஎம்ஐஇ மூல டேட்டா காசு கட்டினவங்களுக்கு மட்டும். காசு கட்ட முடியாத ஒரு சின்ன யுனிவர்சிட்டி ஆளு அவங்க கணக்கு சரியான்னு தோண்டிப் பாக்கணும்னா கஷ்டம்தான், இதுக்கு அவங்ககிட்ட நல்ல பதில் இருக்கறதா எனக்குத் தோணல.