மண்டபத்தைப் பூட்டிவிட்டார்கள், நான் விட்டுவிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஆலயத்தில் பதினோரு வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். ஊருக்கு வெளியே செங்கல் சூளைகளில் வேலைக்கு வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுவதைப் பார்த்து, ஜெபித்து, ஜனவரியில் ஆலய மண்டபத்தில் வாரம் ஐந்து நாள் மாலை வகுப்பு தொடங்கினேன். இருபது பிள்ளைகள் வந்தார்கள். முதலில் "மண்டபம் அழுக்காகிறது" என்றார்கள். அப்புறம் "யார் யாரையோ உள்ளே விடுகிறாய்" என்றார்கள். போன வாரம் கமிட்டியில் பேசிப் பூட்டையே மாற்றிவிட்டார்கள். சபைப் போதகர் ஐயர் "கொஞ்சம் பொறும்மா" என்கிறார். மாமியார், "உன் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று பார்க்க ஆளில்லை" என்கிறார். கணவர் ஒன்றும் சொல்வதில்லை. பூட்டு மாற்றிய அன்று பிள்ளைகள் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சிறுமி எனக்கு ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தாள். இது தேவசித்தம் என்றால் ஏன் இத்தனை தடை? இப்போது ஜெபிக்கக்கூட முடியவில்லை. விட்டுவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, திருவள்ளூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

ஜெபிக்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதைப் பேசிவிடுவோம். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றியைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்குப் பிறகு வனாந்தரத்தில் சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்றார். கர்த்தர் அவரைக் கடிந்துகொண்டாரா? இல்லை. தூதன் தட்டி எழுப்பினான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினார். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிட வைத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்தான் வருகிறது. ஆகவே இந்த ஒரு வாரம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், போதும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "தடை வந்தால் தேவன் கதவை அடைத்துவிட்டார்" என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். "எதிர்ப்பு வந்தால் நீ சரியான பாதையில் இருக்கிறாய்" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டையும் நம்பிக் காயப்பட்டவர்களை எனக்குத் தெரியும். எதிர்ப்பு என்பது தேவசித்தத்தை அளக்கும் அளவுகோல் அல்ல. யார், எதைப் பற்றி, ஏன் சொல்கிறார் என்று ஒவ்வொரு குரலாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் புத்தகத்தை எடுத்து 4 முதல் 6 வரையுள்ள அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். அந்த வேலையை எதிர்த்த சன்பல்லாத்து பரிகாசம் பண்ணுகிறான். ஒரு நரி ஏறினாலே இந்தக் கல்மதில் இடிந்துபோகும் என்கிறான் அவன் கூட்டாளி தொபியா. நெகேமியா அவர்களோடு வாதாடவில்லை. ஜெபம்பண்ணினார், இரவும் பகலும் காவல் வைத்தார், மதில் எழும்பிக்கொண்டே இருந்தது. பிறகு ஓனோ பள்ளத்தாக்குக்குப் பேச வரும்படி நான்கு தரம் ஆள் அனுப்புகிறார்கள். பெரிய வேலையில் இருக்கிறேன், வர முடியாது என்று நான்கு தரமும் ஒரே பதில்தான். கடைசியில் ஒருவன் பக்தியுள்ளவன்போல வந்து, ஆலயத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்கிறான். அதற்கும் அவர் மசியவில்லை.

இவற்றுக்கு நடுவில் 5-ஆம் அதிகாரம் இருக்கிறது. நம் சபைகளில் இதைப் பிரசங்கித்து நான் அதிகம் கேட்டதில்லை. ஏழை ஜனங்களும் அவர்களுடைய மனைவிகளும் கூக்குரலிடுகிறார்கள். வயலை அடகு வைத்தோம், பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுத்தோம், வாங்கினவர்கள் நம் சகோதரர்களே என்கிறார்கள். மதில் வேலைக்கு இடைஞ்சல் என்று நெகேமியா இதைத் தள்ளிவிடவில்லை. சபையைக் கூட்டி, பிரபுக்களைக் கண்டித்து, நிலங்களைத் திருப்பிக் கொடுக்க வைத்தார். சன்பல்லாத்துக்காக இறங்கி வராதவர் இந்தக் கூக்குரலுக்குக் காது கொடுத்தார். மதில் 52 நாளில் முடிந்தது.

உங்கள் கடிதத்தில் நான்கு குரல்கள் கேட்கின்றன. "யார் யாரையோ உள்ளே விடுகிறாய்" என்பது சன்பல்லாத்தின் குரல். அந்த "யார் யாரையோ" என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சாதியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆராதனைக்கு வருகிறோம் என்று நம் சபைகள் இன்னும் முழு மனதோடு சொல்ல முடியாத நிலையில் இருக்கின்றன. அதற்காக நான் வெட்கப்படுகிறேன். இந்தக் குரலுக்கு நீங்கள் இணங்கவே கூடாது.

மண்டபம் அழுக்காகிறது என்பது வேறு. அது உண்மையாகவும் இருக்கலாம். இருபது பிள்ளைகள் செம்மண் காலோடு வந்தால் அழுக்காகத்தான் செய்யும். சொன்னவரின் நோக்கம் எதுவானாலும், கூட்டிப் பெருக்க ஒரு ஏற்பாடு செய்துவிட்டால் அந்தப் பேச்சு தீர்ந்தது.

மாமியார் சொல்வதை 5-ஆம் அதிகாரமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். என் சொந்த வருத்தத்திலிருந்து சொல்கிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மருத்துவமனைச் சந்திப்பு ஊழியத்தை நான் நடத்திய வருடங்களில், "அம்மா, நீ வீட்டிலேயே இருப்பதில்லை" என்று என் மகள் சொன்னபோது, ஊழியத்தைக் கெடுக்க வந்த சோதனை என்று நினைத்து அதற்கு எதிராக ஜெபம்பண்ணினேன். பத்து வயதுப் பிள்ளை. அவள் சொன்னது நியாயம் என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

கணவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் மௌனம் எதிர்ப்பு என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள வேண்டாம். கமிட்டியிடமிருந்து அவருக்கும் அழுத்தம் இருக்கலாம். வாரத்தில் ஐந்து நாள் என்பதை மூன்றாக்கி, இரண்டு மாலை உங்கள் பிள்ளைகளுக்கென்று வைத்தால், மாமியாரே ஒருநாள் சூளைப் பிள்ளைகளுக்குச் சுண்டல் அவித்துக் கொடுத்தனுப்பக்கூடும். பல வீடுகளில் அப்படி நடந்திருக்கிறது.

சொந்த ஜனத்திடமிருந்து வரும் அடி கூடுதலாக வலிக்கும். மிஷனரி சீகன்பால்க்கைப் பற்றி ஞாயிறு பள்ளியில் நீங்களே கதை சொல்லியிருப்பீர்கள். டேனிஷ் அரசர் அனுப்பி 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய அவரைச் சிறையில் போட்டவர் டேனிஷ் கோட்டையின் தளபதிதான். ஒரு ஏழை விதவையின் கடன் வழக்கில் தலையிட்டுப் பேசியது பெரிய மோதலாகி, 1708 நவம்பரில் நான்கு மாதச் சிறையில் முடிந்தது. புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வெளியே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711-இல் மொழிபெயர்ப்பு முடிந்தது, 1715-இல் அச்சாகி வந்தது. பிற்காலத்தில் அவரை அனுப்பிய கோபன்ஹேகன் மிஷன் தலைமையிடமிருந்தே கடுமையான கண்டனக் கடிதங்கள் வந்தன. கட்டடங்களுக்கும் பள்ளிகளுக்கும் இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டார்கள். உடல்நலம் கெட்டு, 1719-இல் 36 வயதில் இறந்தார். கடைசியில் எல்லாம் சரியாகி எல்லாரும் பாராட்டினார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. அவர் கையில் கொடுக்கப்பட்ட வேலையை அவர் செய்தார். அவர் தொடங்கிய வேதாகம வேலையைத் தொடர வேறு ஆட்கள் வந்தார்கள்.

ஐயர் "பொறும்மா" என்றதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள், கூட ஒரு மூத்த சகோதரியை அழைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்கள், எத்தனை மணி வரை, சுத்தம் செய்வது யார், சாவி யாரிடம் இருக்கும், வகுப்பில் உங்களோடு இருக்கும் இன்னொரு பெரியவர் யார் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கமிட்டியின் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். "கர்த்தர் என்னிடம் சொன்னார்" என்று அங்கே பேச வேண்டாம். அது உண்மையாகவே இருந்தாலும், அப்படிச் சொன்ன பிறகு யாராலும் உங்களோடு உட்கார்ந்து பேச முடியாது.

மண்டபம் கிடைக்காமலே போகலாம். மண்டபம் சபையுடையது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பாரம் உங்களுடையது. பூட்டை உடைக்க வேண்டாம், பாரத்தையும் இறக்கி வைக்க வேண்டாம். சூளை முதலாளியிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொண்டு சூளைப் பக்கத்திலேயே ஒரு மர நிழலில் உட்காரலாம். பெற்றோரிடம் இது எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு என்று நேர்மையாகச் சொல்லுங்கள். வேதாகமக் கதை சொல்வதானால் அவர்கள் சம்மதத்தோடு சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை வருட நடுவிலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று மறுக்க முடியாது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். உங்களால் தர முடியாததை அந்தப் பள்ளி தரும், மதியச் சாப்பாடு உட்பட.

மழை பிடித்தால் சூளை நின்றுவிடும், அந்தக் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும். ஆகவே ஓய்வெடுங்கள் என்று சொன்ன அந்த ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைக்கு எட்டாம் வாய்ப்பாட்டை ஒரு தாளில் எழுதி, இப்போதே யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.