பிக்கப் சேஸிஸ் மேல் ஸ்போர்ட்ஸ் கார்: ஆர்.சி. கிடைக்குமா?

கேள்வி: வணக்கம் சார். கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் ஷெவர்லே எஸ்-10 பிக்கப்பின் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) பழைய கார் பாடியை இறக்கி ஓட்டுவதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. பொள்ளாச்சியில் 2008 மாடல் டாடா 207 பிக்கப் ஒன்றை வாங்கினேன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேரில்தான் இருக்கிறது. சேஸிஸை நடுவில் 14 அங்குலம் வெட்டி இணைத்தேன். கோவையில் ஒரு பட்டறையில் இரண்டு சீட் ஃபைபர் பாடியும் போட்டாகிவிட்டது. பார்த்தால் 1950-களின் கார் என்றுதான் சொல்வார்கள். பட்டறைக்கு 3,40,000 ரூபாய் கொடுத்துவிட்டேன், 60,000 பாக்கி. "ஆர்.சி.யில் ஏற்றித் தருவோம்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னவர்கள் இப்போது ஒரு ஏஜென்ட்டைக் கைகாட்டுகிறார்கள். அவர் 75,000 கேட்கிறார். கொடுக்கலாமா? சேஸிஸ் நம்பர் அதேதானே, அப்புறம் என்ன தடை?

பதில்: ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பழைய ஆர்.சி.யைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியின் முன்னால் நில்லுங்கள். பாடி வகை என்ற இடத்தில் பிக்கப் என்றிருக்கும். எதிரே நிற்பதோ திறந்த கார். வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம், என்று ஓர் எண் இருக்கும். அதில் 14 அங்குலத்தை நீங்கள் வெட்டிவிட்டீர்கள். காலி எடை, சீட், நிறம் எதுவும் ஒத்துவராது. மிஞ்சுவது சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும்தான். சேஸிஸ் நம்பர் ஒத்துப்போனால், இது எந்த வண்டியை உருமாற்றிச் செய்தது என்பது நிரூபணமாகுமே தவிர, ஓட்ட அனுமதி வந்துவிடாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 52 இதைத்தான் சொல்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது. வண்டியின் அடிப்படை அமைப்பையே மாற்றுவதுதான் 'மாற்றம்' என்ற விளக்கமும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கம் இதில் முன்பு ஒரு குழப்பம் இருந்தது. வாகனக் கட்டமைப்பு விதிகளுக்கு உட்பட்டிருந்தால் போதும், மாற்றிக்கொள்ளலாம் என்று கேரள உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் சொல்லியிருந்தது. அரசு உச்ச நீதிமன்றம் போனது. 2019 ஜனவரியில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. விதிகள் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவை, தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாகப் போக வழியில்லை என்று முடிவாகிவிட்டது. நிறம் மாற்றலாம், சின்னச் சின்ன பொருத்தங்கள் செய்யலாம். சேஸிஸில் கத்தி வைக்கக்கூடாது. பட்டறைக்காரர்கள் பலர் இன்னும் 2019-க்கு முந்தைய கேரளத்திலேயே வாழ்கிறார்கள்.

தண்டனை, பிரிவு 182ஏ-வின் 4-ஆம் உட்பிரிவில் இருக்கிறது: ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சரி, வெளிநாட்டில் மட்டும் எப்படி நடக்கிறது? பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே மாற்றிக் கட்டிய வண்டிக்கு 2025 வரை ஒரு புள்ளிக்கணக்கு இருந்தது. பழைய பதிவு நிலைக்க 8 புள்ளி வேண்டியிருந்தது. அதில் சேஸிஸுக்கு மட்டும் 5. அதுவும் வெட்டாத சேஸிஸுக்குத்தான். வெட்டினால் அந்த ஒரு வண்டியைத் தனியே சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, தேறினாலும் 'க்யூ' எழுத்தில் தொடங்கும் நம்பர்தான் பெரும்பாலும் கிடைத்தது. அதாவது அந்தக் கணக்கில் உங்கள் 14 அங்குலம் அங்கேயும் உதைத்திருக்கும். ஆனால் தனி மனிதர் தன் ஒரே வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக அங்கே ஒரு வாசல் இருக்கிறது. நம்மிடம் மத்திய மோட்டார் வாகன விதி 126-தான் இருக்கிறது. புனே, மானேசர் போன்ற இடங்களில் உள்ள சோதனை நிறுவனங்களில் மாதிரி வண்டியைக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அது கம்பெனிகளுக்கான கதவு. கார் என்றால் மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் தடுப்பில் மோதிக் காட்டும் சோதனையும் உண்டு. ஒன்றே ஒன்று கட்டியவர் அந்த ஒன்றையே மோதிக் காட்டிவிட்டு எதை ஓட்டுவது?

'வின்டேஜ்' என்று பதிந்துகொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். 2021-இல் வந்த அந்த விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸும் பாடியும் மாறாமல் மூல வடிவில் இருக்கும் வண்டிகளுக்கானவை. 2008 மாடலுக்கு அங்கே இடமில்லை.

இப்போது ஏஜென்ட். அவர் கையில் இருப்பது இரண்டே வழி. விண்ணப்பத்தில் பொய் விவரம் ஏற்றுவார், அல்லது நொறுங்கிப்போன வேறு ஏதோ ஒரு காரின் ஆர்.சி.யை உங்கள் வண்டிக்கு ஒட்டுவார். இரண்டாவது வழியில் போனால் சேஸிஸ் நம்பரை அரைத்துவிட்டு வேறு நம்பர் குத்த வேண்டிவரும். சேஸிஸ் நம்பரின் மேல் மெல்லிய காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அரைத்த இடத்தின் பளபளப்பும், ஏறியிறங்கி நிற்கும் எழுத்தும் அந்தப் பென்சில் அச்சிலேயே தெரிந்துவிடும். வெல்டிங் தொழில் செய்யும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன்பின் இது வாகன மாற்ற வழக்காக நிற்காது. போலி ஆவணம், ஏமாற்று என்று பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) வரும், திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தில் போலீஸ் விசாரணையும் வரும்.

அதைவிட எனக்கு உறுத்துவது பொள்ளாச்சிக்காரர். வண்டியை விற்றுவிட்டோம் என்று அவர் நிம்மதியாக இருப்பார். சட்டத்தின் கண்ணில் ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர். இதையும் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வேலந்தாவளம் ரோட்டில் ஒருவரை இடித்தால் நஷ்டஈட்டு நோட்டீஸ் முதலில் போவது அவர் வீட்டுக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனியும், நாங்கள் காப்பீடு செய்தது பிக்கப்பை, இந்தக் காரை அல்ல என்று தகராறு செய்யும். விற்றவர், வாங்கியவர் இருவருமே பிரிவு 50-இன்படி தெரிவித்திருக்க வேண்டும். இருவரும் சும்மா இருந்திருக்கிறீர்கள்.

இனி செய்ய வேண்டியது. பொள்ளாச்சிக்காரரைக் கூட்டிக்கொண்டு, வண்டி பதிவான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரிவு 55-இன்கீழ் பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுங்கள். பிக்கப்பாக அது இனி நிரந்தரமாக உபயோகப்படாது என்பதே காரணம். 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தாமதமானாலும் இப்போதாவது செய்யுங்கள். சரக்கு வண்டி என்பதால் வரி பாக்கி, லோன் பதிவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வெட்டியதை மறைத்து எதையும் எழுதாதீர்கள். 182ஏ வழக்கு வராது என்று நான் உறுதி தர முடியாது. நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் ரோட்டில் மடக்கிப் பிடிப்பதற்கும் அதிகாரி பார்க்கும் பார்வையில் நிறைய வித்தியாசம் உண்டு, அவ்வளவுதான்.

ரத்தான பிறகு பொதுச்சாலையில் பத்தடிகூட ஓட்ட முடியாது. உங்கள் தோப்புக்குள் ஓட்டலாம், கண்காட்சியில் நிறுத்தலாம். செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்களுக்குப் பக்கம்தான். சொந்தமாகப் பந்தயக் கார் கட்டிய கரிவரதன் பெயரில் இருக்கும் தடம் அது. அங்கே கேட்டுப் பாருங்கள், பாதுகாப்புச் சோதனையில் தேறினால் ஓட்டவிடுவார்களா என்று. போகும்போது மினி லாரியில் ஏற்றிக் கட்டிக் கொண்டுபோங்கள்.

பட்டறையிடம் பணம் கேட்கலாமா? கேட்கலாம். "ஆர்.சி.யில் ஏற்றித் தருவோம்" என்ற அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் வழக்கு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பட்டறை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஒன்று மட்டும்: சேஸிஸை வெட்டியது நீங்களே என்று எதிர்த்தரப்பு முதல் நாளே சொல்லும். அதனால் முழுத்தொகையும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, பாக்கி 60,000-ஐத் தள்ளுபடி செய்யச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். பேச்சு முடியும்வரை அந்தப் பாக்கியைக் கொடுக்காதீர்கள். செய்திகளை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனையும் மாற்றாமல் வைத்திருங்கள்.