அப்பாவுக்கு யார் சாப்பாடு போடுகிறார்கள்?

கேள்வி: திருமணமாகி 2013-இல் டெக்சாஸ் வந்தேன். கோவையில் பொறியியல் படித்தவள். வேலை அனுமதி கிடைத்த பிறகு, பல் மருத்துவர்களுக்கான மென்பொருள் நிறுவனம் தொடங்கினேன். இப்போது ஒருவர் முதலீடு செய்ய முன்வந்திருக்கிறார். மாதம் ஒரு வாரம் நான் கலிபோர்னியாவில் இருக்க வேண்டுமாம். என் வேலை அனுமதியோ கணவரின் எச்-1பி வேலை விசாவை நம்பி இருக்கிறது. மாமியார் 'குடும்பமா, கம்பெனியா?' என்று கேட்கிறார். கணவர் நல்லவர், உதவுவார். அம்மா ஆறாறு மாதம் வந்து சமையலையும் இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிறார். அப்பாவுக்குப் பக்கத்து வீட்டில் சாப்பாடு சொல்லியிருக்கிறோம். ராதா பாசு போன்றவர்கள் சாதிக்கவில்லையா? நான் சுயநலக்காரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் பாதிக்கு மேல் விசாதான். எச்-1பி-காரர்களைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் மனைவியருக்கு 2015-இல் வேலை அனுமதி வந்த கதை, ஆண்டுக்குச் சுமார் 1,40,000 வேலைவழி கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்பதால் நகராத இந்தியர் வரிசை எல்லாம் உங்களுக்கே மனப்பாடம். 2025 அக்டோபர் 30 முதல், புதுப்பிக்க விண்ணப்பிப்பவர்களுக்குத் தானாகக் கிடைத்த நீட்டிப்பும் போய்விட்டது. வேலை அனுமதி அட்டை காலாவதியானால் சொந்தக் கம்பெனியிலேயே நீங்கள் வேலை செய்ய முடியாது. ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். முதலீட்டாளரிடம் இதை மறைக்காதீர்கள். மீதியை வக்கீலிடம் கேளுங்கள்.

நான் கேட்பது வேறு. அப்பாவுக்குப் பக்கத்து வீட்டில் சாப்பாடு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எத்தனை வருடமாக? அவருக்கு வயதென்ன? இரவில் நெஞ்சு வலித்தால் யாரை எழுப்புவார்? இது எதுவும் கடிதத்தில் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆறு மாத மாத்திரையையும் பெட்டியில் கொண்டுவந்துவிடுவார், அதனால் பிரச்சினை இல்லை என்றும் ஒரு வரி. யாருக்குப் பிரச்சினை இல்லை? ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு விசிட்டர் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கை கொடுக்காது என்பது அங்கே இத்தனை வருடம் இருக்கும் உங்களுக்குத் தெரியாதா?

முதலீட்டாளருக்கு அனுப்பிய செலவுக் கணக்கையும் இணைத்திருந்தீர்கள். சர்வர் வாடகை இருக்கிறது, வடிவமைப்பாளர் சம்பளம் இருக்கிறது, விளம்பரச் செலவு இருக்கிறது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவு மட்டும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை நிரப்புவது உங்கள் அம்மாவின் முட்டி. உங்கள் கம்பெனியில் முதல் முதலீடு அவருடையது. பங்கு கேட்காத, சம்பளம் கேட்காத முதலீடு என்பதால் கணக்கிலேயே ஏறவில்லை.

ராதா பாசுவைச் சொன்னீர்கள். சென்னையில் பொறியியல் படித்து, அமெரிக்கா போய், ஹியூலெட் பேக்கார்டில் சுமார் இருபது ஆண்டுகள் இருந்து, பிறகு சப்போர்ட்.காம் நிறுவனத்தை 2000-இல் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனவர். 2012-இல் ஐமெரிட் என்ற தரவு நிறுவனத்தைத் தொடங்கினார். பெருமைதான். ஆனால் சாதித்தவர்கள் பட்டியலை நீட்டி உங்கள் வீட்டுக் கணக்கை மூடாதீர்கள். பெப்சிகோவின் தலைவராக இருந்த இந்திரா நூயி தன் குழந்தைகளை வளர்க்க அம்மாவும் மாமனார் மாமியாரும் உறவினர்களும் தோள் கொடுத்ததை ஊரறியச் சொன்னார். நீங்கள் எனக்கு எழுதும் கடிதத்திலேயே அரை வரியில் கடந்துவிட்டீர்கள்.

சுயநலமா என்று கேட்டீர்கள். ஆம், கொஞ்சம். கம்பெனி நடத்துவதற்காகச் சொல்லவில்லை, அதைத் தாராளமாக நடத்துங்கள். பெற்றவர்களைப் பார்ப்பது மகனுக்கு மட்டும் எழுதிவைத்த கடமை என்று நான் நினைக்கவில்லை. மகளுக்கும் உண்டு. அறுபது வயதுக்கு மேல் ஒரு தம்பதியை ஆறாறு மாதம் பிரித்துவைக்க எந்த மகளுக்கும் உரிமை இல்லை. பாட்டி பேரப்பிள்ளைக்குக் கதை சொல்ல வரட்டும், மூன்று வேளைச் சமையலுக்கு வேண்டாம். உங்கள் மாமியார் கேள்வியைத் தப்பாகக் கேட்கிறார். எந்தக் குடும்பம் என்று கேட்டிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன்.

அந்தக் கணக்கைத் திரும்ப எழுதுங்கள். உங்களுக்கு ஒரு சம்பளம் போடுங்கள், அதிலிருந்து டே கேருக்கும் சமையலுக்கு ஆள் வைக்கவும் பணம் ஒதுக்குங்கள். முதலீட்டாளர் முகம் சுளித்தால், அவர் பணம் போட நினைத்தது உங்கள் அம்மாவின் உழைப்பை நம்பித்தான் என்று புரிந்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு ஊருக்கு டிக்கெட் போடுங்கள். அடுத்த முறை அப்பாவையும் சேர்த்து அழையுங்கள், ஒரு மாதம், விருந்தாளிகளாக.

கலிபோர்னியா போகும் வாரத்தில் குழந்தைகளை யார் பார்ப்பது என்கிறீர்களா? கணவர் 'உதவுவார்' என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய பிள்ளைகளுக்கு உதவுகிறார்? அடுத்த கடிதத்தை அவரே எழுதட்டும். அவரிடமும் எனக்குக் கேட்க நிறைய இருக்கிறது.