ஆராய்ச்சி மானியத்தில் வரும் பயிற்சி இடம்: சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு ஒரு சிறிய நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்திருக்கிறது என்றும், ஆஃபர் லெட்டரில் ‘அரசு ஆராய்ச்சி மானியத்தின் கீழ்’ என்று ஒரு வரி இருப்பது உறுத்துகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மானியம் நின்றால் பெண்ணை நடுவில் அனுப்பிவிடுவார்களா, இல்லை கணக்குக் காட்டத்தான் ஆள் எடுக்கிறார்களா என்பது உங்கள் கவலை.

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வரி உங்களுக்குச் சாதகமானது. ஒரு நிறுவனம் சொந்தக் காசில் எடுக்கும் பயிற்சியில் என்ன வேலை தருவது என்பது அவர்கள் இஷ்டம். காலை முதல் மாலை வரை எக்செல் ஷீட்டை நிரப்பச் சொன்னாலும் கேட்க ஆளில்லை. மானியம் வாங்கியவர்கள் அப்படியில்லை. என்ன ஆராய்ச்சி, எத்தனை பேர், எந்த மாதத்தில் எந்த வேலை என்று அரசிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எந்தத் திட்டத்தின் பணம், அதன் தகுதி விதிகள் என்ன என்று தெரிந்துகொண்டால், உங்கள் மகளுக்கு என்ன மாதிரி ஆறு மாதம் காத்திருக்கிறது என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம்.

முதலில், பணம் எந்த வகை என்று கேளுங்கள். சில திட்டங்கள் ஆராய்ச்சிக்குப் பணம் தருகின்றன. அதில் மாணவர் ஒரு செலவுக் கணக்கு. வேறு சில, மாணவரை வேலைக்கு எடுப்பதற்காகவே நிறுவனத்துக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைத் தருகின்றன. இரண்டிலும் விதிகள் வேறு, நாம் கவனிக்க வேண்டிய இடமும் வேறு.

ஆராய்ச்சி மானியத்தை எடுத்துக்கொள்வோம். எது ஆராய்ச்சி என்பதற்குப் பல நாடுகள் பின்பற்றும் ஒரு கையேடு உண்டு. 1963-ல் இத்தாலியின் ஃப்ராஸ்காட்டி நகரில் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு கூட்டிய நிபுணர்கள் பேசியதில் பிறந்ததால் அதற்கு ஃப்ராஸ்காட்டி கையேடு என்றே பெயர். 2015-ல் வந்த பதிப்பு ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது: செய்வது புதிதாக இருக்க வேண்டும், சொந்தச் சிந்தனை வேண்டும், முடிவு முன்கூட்டியே தெரிந்ததாக இருக்கக் கூடாது, திட்டமிட்டுச் செய்ய வேண்டும், கிடைத்ததை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கும்படி பதிவு செய்ய வேண்டும். கனடாவின் ஆராய்ச்சி வரிச்சலுகையும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது: தொழில்நுட்பத்தில் ஒரு விடை தெரியாத சிக்கல் இருந்ததா, அதை முறையாக ஆராய்ந்தீர்களா, அறிவு ஒரு படி முன்னேறியதா?

இதில் உங்கள் மகளுக்கு வேண்டியது கையேட்டின் மூன்றாவது அடையாளம்: முடிவு முன்கூட்டியே தெரிந்ததாக இருக்கக் கூடாது என்பது. வழக்கமான தரச் சோதனை, சந்தை ஆய்வு, விற்பனைக்கு வந்த பொருளுக்கு நிறம் மாற்றுவது எல்லாம் மானியத்தின் கண்ணில் ஆராய்ச்சி ஆகாது. எனவே நேர்முகத்தில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: “இந்த புராஜெக்டில் உங்களுக்கே இன்னும் விடை தெரியாதது எது?” உண்மையிலேயே ஆராய்ச்சி செய்கிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார். மற்றவர் நிறுவனத்தின் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவார். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை.

முடிவு தெரியாது என்று ஒப்புக்கொண்டு தரப்படும் பணம் என்பதால், சோதனை தோற்றாலும் குற்றமில்லை. ஒழுங்காகப் பதிவு செய்திருந்தால் போதும். ‘புராஜெக்ட் ஊத்திக்கொண்டால் சான்றிதழ் வராதே’ என்று மாணவர்கள் பயப்படுவதைப் பார்க்கிறேன். அந்தப் பயம் வேண்டாம். எது வேலை செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று நான்கு பக்கம் தெளிவாக எழுதத் தெரிந்த மாணவரை எந்த ஆய்வுக்கூடமும் மதிக்கும்.

அப்புறம் பணம். அரசு முழுச் செலவையும் தருவது அபூர்வம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதிப்படி, அடிப்படை ஆராய்ச்சிக்குச் செலவில் 100 சதவீதம் வரை அரசு உதவி தரலாம். தொழில்சார் ஆராய்ச்சிக்கு 50, சந்தைக்கு நெருங்கிய மேம்பாட்டுக்கு 25. சிறு நிறுவனங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். பொருள் சந்தையை நெருங்க நெருங்க அரசின் பங்கு குறைகிறது. மீதியை நிறுவனம் கையிலிருந்து போடுகிறது. ஆக, உங்கள் பெண் அவர்களுக்கு இலவச ஆள் அல்ல.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு இடத்தில். பல மானியங்கள் செலவு செய்த பிறகு, ரசீது காட்டினால்தான் வரும். சிறு நிறுவனத்தில் கையிருப்பு குறைவு. தவணை தாமதமானால் முதலில் தள்ளிப்போவது பயிற்சி மாணவரின் ஸ்டைபெண்ட். அதனால் ‘மாதம் இந்தத் தேதிக்குள் தருவோம்’ என்று ஆஃபர் லெட்டரிலேயே இருக்கட்டும். மானியத் தவணை வந்ததும் தருவோம் என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. “இப்போதே வந்து சேரம்மா, மானியம் கைக்கு வந்ததும் லெட்டர் போட்டுவிடுகிறோம்” என்று சொன்னால் சேராதீர்கள். ஒப்புதல் தேதிக்கு முன் செய்த செலவைப் பெரும்பாலான மானியங்கள் ஏற்பதில்லை. அந்த மாதங்களின் ஸ்டைபெண்டை மானியக் கணக்கில் எழுத முடியாது. கடைசியில் யாரும் தராமலே போகலாம்.

சரி, சம்பளப் பங்கு தரும் திட்டங்களுக்கு வருவோம். இங்கே விதிகள் மாணவரைப் பற்றியவை: வயது, படிப்பு, குடியுரிமை, குடும்ப வருமானம். கனடாவின் மாணவர் பயிற்சிப் பணித் திட்டத்தை 2017-ல் தொடங்கினார்கள். சம்பளத்தில் பாதி, அதிகபட்சம் 5,000 டாலர்; முதலாண்டு மாணவர், மாற்றுத்திறனாளி போன்ற சில பிரிவினருக்கு 70 சதவீதம், 7,000 டாலர் வரை என்பது அதன் அமைப்பு. ஆனால் குடிமக்கள், நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்கள், பாதுகாப்புப் பெற்ற அகதிகள் ஆகியோருக்குத்தான். மாணவர் விசாவில் போன பிள்ளைகள் இது தெரியாமல் மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதே நாட்டில் மிட்டாக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பயிற்சிக்கு, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கும் வெளிநாட்டு மாணவரும் தகுதி பெறுகிறார். கூடவே ஒரு பேராசிரியர் மேற்பார்வையாளராக இருக்க வேண்டும்.

இந்தியாவில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது 21 முதல் 24 வயது வரை என்றார்கள். முழுநேரம் படிப்பவருக்கு அப்போது இடமில்லை. தேசிய அப்ரென்டிஸ் திட்டத்தில் பட்டதாரிக்கும் டிப்ளமோ முடித்தவருக்கும் தர வேண்டிய குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. பிரிட்டனின் கே.டி.பி. (அறிவுப் பரிமாற்றக் கூட்டு) திட்டத்தில் நிறுவனம், பல்கலைக்கழகம், பட்டதாரி என மூன்று தரப்பு. 12 முதல் 36 மாதம் வரை. நேரத்தில் பத்தில் ஒரு பங்கு பட்டதாரியின் சொந்த வளர்ச்சிக்கு என்று அதில் ஒதுக்கப்படுகிறது. இவை படிப்பு முடித்த பின் பயன்படக்கூடியவை. இத்தகைய விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், நண்பர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை நம்பாமல் அந்தந்தத் திட்டத்தின் தளத்தில் உள்ள வழிகாட்டியையே படியுங்கள்.

டைம்ஷீட் பற்றி உங்கள் மகளிடம் கட்டாயம் பேசுங்கள். மானிய வேலையில் வாரா வாரம் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். திங்களும் செவ்வாயும் அவள் ஒரு கண்காட்சி ஸ்டாலில் நின்று நோட்டீஸ் கொடுத்திருப்பாள். வெள்ளிக்கிழமை மேசைக்கு வரும் தாளில் ‘சென்சார் அளவீடு, 40 மணி நேரம்’ என்று ஏற்கெனவே அச்சாகியிருக்கும், கையெழுத்து மட்டும் பாக்கி. போடக் கூடாது. தணிக்கையில் மாட்டினால் அந்தத் தாளில் இருப்பது அவள் பெயர். சண்டை வேண்டாம், “செய்த மணி நேரத்தை நானே எழுதித் தருகிறேன், சார்” என்று சொல்லிவிட்டு, அன்றே கல்லூரி கைடுக்கு ஒரு மெயில் போட்டு வைக்கட்டும். ஒரே சம்பளத்தை இரண்டு திட்டங்களில் காட்டுவதும் இதே ரகம். ‘இன்னொரு போர்ட்டலிலும் பதிவு செய்துகொள்’ என்றால் எதற்கு என்று கேட்கச் சொல்லுங்கள்.

செய்த வேலையைப் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதலாமா, பேட்டன்ட் போட்டால் பெயர் வருமா என்பதையும் சேரும் முன்பே கேட்டுவிடலாம்.

உங்கள் நேரான கேள்விக்கு நேரான பதில்: ஆறு மாதம் முடிந்ததும் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். பயிற்சி என்றால் அதுதான். நிரந்தர வேலை தர வேண்டும் என்று மானிய விதிகள் பொதுவாகக் கட்டாயப்படுத்துவதில்லை. நடுவில் அனுப்பினால் என்ன என்பதற்கு, ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்த இடம் அமையாவிட்டாலும், இந்த விதிகளைப் படித்தது வீண் போகாது. தங்களுக்குத் தகுதி இருக்கிறது என்றே தெரியாத சிறு நிறுவனங்கள் நிறைய. அப்படி ஒன்றைத் தேடிப்போய், “இந்தத் திட்டத்தில் என் சம்பளத்தில் ஒரு பங்கு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்” என்று வழிகாட்டியை நீட்டும் மாணவரைத் திருப்பி அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. அப்படிப் போவதென்றால் விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பேச்சைத் தொடங்கட்டும். ஆடிட்டரிடம் கணக்கு வாங்கி, கல்லூரியிடம் கடிதம் வாங்கி, விண்ணப்பத்தை எழுதி முடிக்க அவர்களுக்கும் அவ்வளவு நாள் பிடிக்கும்.