ஏர்லாக்கில் மறுபடி குமிழி வந்தால் பாட்டிலில் அடைக்கலாமா?

கேள்வி: வீட்டில் 19 லிட்டர் பேல் ஏல் வகைப் பியர் போட்டிருக்கிறேன். தொடக்க அடர்த்தி 1.056. கொதி முடிய 60 நிமிடம் இருக்கும்போது 30 கிராம் கேஸ்கேட், 30 நிமிடம் இருக்கும்போது 30 கிராம் சிட்ரா போட்டேன். இரண்டும் ஹாப்ஸ், அதாவது பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ வகைகள். போன முறை இதே அளவில் செய்தபோது கசப்பு தூக்கலாக வந்ததே தவிர வாசனை இல்லை. அதனால் இந்தத் தடவை எட்டாம் நாள், 1.014இல் நின்றுவிட்டது என்று நினைத்து, 100 கிராம் சிட்ராவை நேரடியாகத் தொட்டியில் போட்டேன். மறுநாளே ஏர்லாக்கில், அதாவது வாயுவை வெளியே மட்டும் விடும் மூடிக் குழாயில், மறுபடி குமிழி. இன்று பதினோராம் நாள், 1.012 காட்டுகிறது. இரண்டு வாரம் ஆனதும் அடைத்துவிடு என்கிறார் நண்பர். அடைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இரண்டு வாரம் என்பது வெறும் காலண்டர் கணக்கு. உங்கள் தொட்டியில் இன்னும் வேலை நடக்கிறது.

குமிழியை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. ஹாப்ஸ் துகள் விழுந்தாலே, பியரில் கரைந்திருக்கும் வாயு அதைப் பற்றிக்கொண்டு வெளியேறும். அதுவும் குமிழியாகத்தான் தெரியும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்க ஆக்க அடர்த்தி இறங்கும். அது 1.014இலிருந்து 1.012க்கு இறங்கியிருப்பதுதான் சாட்சி. ஹாப்ஸிலேயே கொஞ்சம் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின் என்ற நீளச் சர்க்கரைச் சங்கிலிகளை அவை சிறு சர்க்கரைகளாக நறுக்கிக் கொடுக்கின்றன. ஈஸ்ட் மறுபடி பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது. இதை இன்று ஹாப் க்ரீப் என்கிறார்கள். புது விஷயமில்லை: பிரவுன், மோரிஸ் என்ற இரு பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் 1893இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

அடர்த்தி 0.001 இறங்கினால், ஒரு லிட்டர் பியருக்குச் சுமார் அரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். இந்த வகை ஏலுக்கு வேண்டியது மொத்தமே பியரின் கன அளவைப் போல 2.4 மடங்கு வாயு. எட்டாம் நாளே, பாட்டிலில் வாயு ஏற்றச் சேர்க்கும் வழக்கமான சர்க்கரையோடு அடைத்திருந்தால், இதுவரை இறங்கிய 0.002 மட்டுமே அதை 3.4 ஆக்கியிருக்கும். இன்னும் 0.002 இறங்கினால் 4.4. சாதாரண பியர் பாட்டில் அதற்குச் செய்யப்பட்டதல்ல. வெடித்தால் கண்ணாடித் துண்டுதான் பறக்கும்.

எனவே தொட்டியை 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் வைத்துக் காத்திருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அளந்து, தொடர்ந்து மூன்று அளவும் அட்சரம் பிசகாமல் ஒன்றாக வர வேண்டும். அளக்கும்போது மாதிரியை இரண்டு குவளைகளில் மாற்றி மாற்றி ஊற்றி வாயுவைப் போக்குங்கள். அடர்த்தி காட்டும் மிதவையான ஹைட்ரோமீட்டரை ஒரு சுழற்று சுழற்றி விடுங்கள். ஒட்டியிருக்கும் குமிழி அதை மேலே தூக்கிப் பொய் சொல்ல வைக்கும். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருந்தால் இந்தக் கட்டத்தில் அதை எடுக்க வேண்டாம். ஆல்கஹால் கலந்தபின் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது.

அளவு நின்றபின் இன்னொரு சோதனை. இரண்டாம் முறை கிளம்பும் நொதித்தல் டையசெட்டில் என்ற வெண்ணெய் வாடையையும் கூட்டி வரும். மூடிய சிறு குப்பியில் கொஞ்சம் பியரை ஊற்றி 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, சூடாக்காத பியரோடு ஒப்பிட்டு மோந்து பாருங்கள். வெண்ணெய் பூசிய பாப்கார்ன் மணம் வந்தால் ஈஸ்ட்டுக்கு இன்னும் சில நாள் கொடுங்கள். அதுவரை ஹாப்ஸ் உள்ளேயே கிடக்கட்டும். இரண்டு மூன்று நாளில் தர வேண்டியதைத் தந்துவிட்டது, சரி; ஆனால் அதை எடுக்கிறேன் என்று மூடியைத் திறந்து காற்றை விடுவது அதைவிடக் கெடுதல்.

அப்புறம் செய்முறை. கொதியில் போட்ட சிட்ராதான் வீணாகியிருக்கிறது. அரை மணி நேரம் கொதித்தால் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் மட்டும் உருமாறிக் கசப்பாக நிற்கும். சிட்ராவில் அந்த அமிலம் கேஸ்கேடைப் போல இரண்டு மடங்கு. கசப்பு தூக்கியது அதனால்தான். அடுத்த முறை கேஸ்கேடை 60 நிமிடத்திலேயே விட்டுவிட்டு, சிட்ரா முழுவதையும் அடுப்பை அணைத்தபின் வோர்ட், அதாவது நொதிக்காத மால்ட் சாறு, 80 டிகிரிக்கு ஆறியதும் போட்டு 20 நிமிடம் ஊறவிடுங்கள். 60 கிராம் வரை தாராளமாகப் போடலாம். அந்தச் சூட்டில் கசப்பு மெதுவாகத்தான் ஏறும். நொதித்தபின் போடும் 100 கிராம் போதும். லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டினால், கொட்டுகிற காசுக்கு ஏற்ற வாசனை கிடைக்காது, இலைச்சுவைதான் கூடும்.

அடைக்கும் நாளில் சர்க்கரைக் கணக்கு இது: 20 டிகிரியில் நொதித்த பியரில் ஏற்கெனவே சுமார் 0.85 மடங்கு வாயு கரைந்திருக்கும். ஒரு மடங்கு கூட்ட லிட்டருக்கு 4 கிராம் வெள்ளைச் சர்க்கரை. 2.4க்கு லிட்டருக்கு ஏறக்குறைய 6.2 கிராம், ஆக 19 லிட்டருக்கு 118 கிராம். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கலக்குங்கள். ஹாப்ஸ் மிகுந்த ஏலுக்குக் காற்றுதான் முதல் எதிரி. சிட்ராவின் பழவாசனை போய் நனைந்த அட்டை வாடை வருவதும், நிறம் கறுப்பதும் அதனால்தான். குழாய் நுனி பாட்டிலின் அடியைத் தொட்டபடி, சலசலப்பில்லாமல் நிரப்புங்கள். கழுத்தில் அதிக இடம் விடாமல் உடனே மூடுங்கள்.

ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் நிரப்பிக் கண்ணாடிப் பாட்டில்களின் நடுவே வையுங்கள். வாயு ஏற 20 டிகிரியில் இரண்டு வாரம் பிடிக்கும். கடையில் வாங்கும் சோடா அளவுக்கு அது கல்லாக இறுகினால், நாள் பாக்கி இருந்தாலும் மொத்தத்தையும் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.